நாய்க்கும் ஓர் இடம்

மகாபாரதத்தின் இறுதிப் பகுதியிலே, தம்பியரையும் துணைவியையும் வழியிலே இழந்து தனியனாய் மலையேறிய தருமன், தன்னைத் தொடர்ந்து வந்த நாய்க்குச் சொர்க்கத்திலே இடமில்லையெனின் தனக்கும் அவ்விடம் வேண்டா என்று மறுத்தான் என்பது நாம் சிறுவயதிலேயே கேட்டறிந்த கதை. வைரவப் பெருமானுக்கு வாகனமாய் நிற்பதும் நாயே. இவ்வாறு இதிகாச புராணங்களிலே நாய்க்கு இடங்கொடுத்த நாம், வீட்டிலே அதற்கு எவ்விடம் கொடுப்பது என்பதை மாத்திரம் இன்னும் தீர்மானித்தோமில்லை. பகலிலே வாயிலிற் கிடக்கும் நாய் இரவிலே நம் பாயிற் கிடக்கின்றது. அடித்தால் ஓடுகின்றது, அடித்தவர் உறங்கியதும் மீளுகின்றது.

நாயைத் தன் படுக்கையிலே தானே உறங்கப் பழக்குவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள். ஒரு விழா மலருக்கு இப்பொருள் தகுமோ என்று அன்பர் சிலர் வினவுதல் கூடும். நாம் இக்கல்லூரியிலே கற்று, பின் ஆசிரியர் கலாசாலையிலே பயிற்சி பெற்று, இன்று சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றிலே தமிழ் கற்பித்து வருகின்றோம். கற்பித்தல் என்பதைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் ஒரு பகுதியை ஒரு நாயிடமிருந்தே அறிந்தோமாதலின், அதனைக் கல்லூரியன்னையின் முன்னே வைப்பதில் நமக்கு நாணம் இல்லை.

லயமும் மழையும்

சப்பிரகமுவ மாகாணம் இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது. பலாங்கொடை, இறக்குவானைப் பக்கங்களிலே தேயிலை மலைகள் உள்ளன. எட்டியாந்தோட்டை, தெகியோவிட்டப் பக்கங்களிலே றப்பர் மரங்கள் அணிவகுத்து நிற்கின்றன. இரத்தினபுரியிலே ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். வைகாசி மாதத்திலே தென்மேற்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால், துணி உலராது, விறகு எரியாது, புல்லிலே கால்வைத்தால் அட்டை ஏறும்.

இம்மலைகளிலே வாழும் தொழிலாளர் குடும்பங்களுட் பல, ஆங்கிலேயர் காலத்து லயங்களிலேயே இன்றும் வசிக்கின்றன. ஒரு காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. முன்னே இஸ்தோப்பு என்னும் சிறு திண்ணை. பாட்டி, தாய், தந்தை, பிள்ளைகள், அடுப்பு, அரிசிப் பானை, புத்தகப் பை எல்லாம் அவ்வளவினுள் அடங்கவேண்டும். முற்காலத்திலே துரைமாரின் பங்களா நாய்களுக்குத் தனிக்கூடும் கம்பளியும் இருந்தன என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். லயத்து நாய்க்கு அவை இல்லை. மழை பெய்தால் அது உள்ளே வரும். உள்ளே வந்தபின் மனிதரோடு மனிதராய்ப் படுப்பதன்றி அதற்கு வேறு வழியும் இல்லை.

நிகழ்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு சித்திரை மாதத்திலே, ஏழாந்தர மாணவன் ஒருவன் கட்டுரைப் பாடத்திலே இடக்கையால் எழுதிக்கொண்டிருந்தான். வலக்கை மணிக்கட்டிலே துணி கட்டியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தோம். காப்பித்தூள் அப்பிய இரண்டு பற்காயங்கள் இருந்தன. மூன்று நாள்களுக்கு முன் இரவிலே, கதவோரம் தன்னோடு ஒரே சாக்கிற் படுத்திருந்த மணி என்னும் தம் வளர்ப்பு நாயின் மேல் உறக்கத்திலே புரண்டுவிட்டானாம். அது திடுக்கிட்டுக் கடித்துவிட்டதாம். வீட்டிலே பெரிதுபடுத்தவில்லை. நாய்க்குத் தடுப்பூசியும் ஏற்றியிருக்கவில்லை.

விசர்நாய்க்கடி நோய், குறி தோன்றிய பின் ஏறக்குறைய எவரையும் உயிரோடு விடுவதில்லை. ஆயினும் குறி தோன்றுமுன் மருந்தேற்றினால் முற்றாகத் தடுக்கலாம். இவ்வழியை 1885ஆம் ஆண்டிலே, நாய் கடித்த சிறுவன் ஒருவனுக்கு மருந்தேற்றித் திறந்துவைத்தவர் பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்டர். இலங்கையில் 1973ஆம் ஆண்டில் இந்நோயால் 377 பேர் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் பணி நாடெங்கும் விரிந்ததன் பயனாக, அண்மை ஆண்டுகளிலே இத்தொகை இருபது, முப்பது என்னும் அளவுக்கு இறங்கியுள்ளது. கடிபட்டவர் செய்யவேண்டியன இரண்டே. காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிலே 15 நிமிடம் கழுவுக. உடனே வைத்தியசாலைக்குச் செல்க. காப்பித்தூள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு ஆகியவற்றை அப்புவது தவறு. நாய்க்குட்டி கடித்ததுதானே என்று இருந்துவிடுவதும் தவறு.

அன்று மதியமே மாணவனை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். ஊசி மருந்து தொடங்கப்பட்டது. நாயை இரண்டு வாரம் கட்டிவைத்துக் கவனிக்குமாறும் கூறினர். ஆனால் அவன் தந்தை வேறொன்று நினைத்திருந்தார். நாயைச் சாக்கிலே கட்டிக் களனி கங்கைக்கு அப்பால் விட்டுவிடுவது அவர் எண்ணம். அதனை அறிந்த பிள்ளை இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை. நாம் லயத்துக்குச் சென்றோம். நாயைத் தொலைத்துவிட்டால் அதற்கு நோய் இருந்ததா என்பதை அறியும் வழியும் தொலைந்துபோகும் என்று எடுத்துரைத்தோம். தந்தை இசைந்தார். “சரிங்க வாத்தியாரய்யா, ரெண்டு கெழமை பாப்போம். அதுக்கப்புறம் அது உள்ள படுத்தா நான் சும்மா இருக்க மாட்டேன்” என்றார். அவர் சொன்னதிலே பிழை காண நம்மால் இயலவில்லை.

கொய்யா மரத்தடியிலே, தகரக் கூரையின் கீழ், நாய் இரண்டு வாரம் கட்டிவைக்கப்பட்டது. உணவை நீண்ட கோலாலே தள்ளிக் கொடுத்தனர், எவரும் தொடவில்லை. அது நலமாகவே இருந்தது. காலம் முடிந்ததும் தடுப்பூசி ஏற்றுவித்தோம். அதன் பின்னரே பயிற்சி தொடங்கிற்று.

அடித்தலினால் வந்த பயன்

இதற்குப் பல ஆண்டு முன்னர், நம் ஆசிரியர் விடுதியிலே நாமும் ஒரு நாய்க்குட்டி வளர்த்தோம். அது கட்டிலேறிப் படுக்கும். பிரம்பை எடுத்தோம். ஒரு மாதம் அடித்தபின் அது என்ன கற்றது? விளக்கு எரியும்போது கட்டிலின் கீழே படுக்கவேண்டும், விளக்கு அணைந்தபின் மேலே ஏறலாம் என்பதைக் கற்றது. நம் காலடி கேட்டால் ஒளிந்துகொள்ளவும் கற்றது. எங்கே படுக்கவேண்டும் என்பதை அதற்கு நாம் ஒருநாளும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கே படுக்கலாகாது என்பதை மட்டும் நூறுமுறை சொன்னோம்.

ஆசிரியர் கலாசாலையிலே உளவியற் பாடத்தில் நாம் கற்றவற்றை அந்நாளிலே நாய்க்கு ஏற்றிப் பார்த்தோமில்லை. உருசிய நாட்டு அறிஞர் பவ்லோவ், சமிபாட்டைப் பற்றிய ஆய்வுக்காக 1904ஆம் ஆண்டிலே நோபல் பரிசு பெற்றவர். உணவோடு சேர்த்துப் பலமுறை அளிக்கப்பட்ட ஒரு குறி, பின்னர் உணவின்றியே நாயின் வாயிலே உமிழ்நீரை ஊறச்செய்யும் என்று காட்டியவரும் அவரே. அமெரிக்க அறிஞர் தோண்டைக் 1898ஆம் ஆண்டிலே பூனைகளைக் கூண்டிலிட்டு ஆராய்ந்தவர். ஆயத்த விதி, பயிற்சி விதி, விளைவு விதி என அவர் வகுத்த மூன்றையும் பயிற்றப்பட்ட ஆசிரியர் எவரும் மனனம் செய்திருப்பர். ஆனால் அவரே 1930ஆம் ஆண்டை அடுத்துத் தம் விளைவு விதியைத் திருத்தினார் என்பதைப் பலர் நினைவிற் கொள்வதில்லை. வெகுமதி ஒரு பழக்கத்தை வலுப்படுத்தும் அளவுக்குத் தண்டனை மற்றொரு பழக்கத்தை வலுவிழக்கச் செய்வதில்லை என்று அவர் கண்டார். நம் விடுதி நாய்க்குட்டியும் நமக்கு அதனையே காட்டியது. 2005ஆம் ஆண்டிலே கல்வி அமைச்சின் சுற்றறிக்கை வகுப்பறையிலே உடற்றண்டனை கூடாதென விதித்தபோது, நம் உள்ளத்திலே முதலில் வந்து நின்றது கட்டிலின் கீழே ஒளிந்த அக்குட்டியே.

பயிற்சி முறை

முதலாவது, இடம் அமைத்தல். நாய் கட்டப்பட்டிருந்த இரு வாரங்களையும் இதற்கே பயன்படுத்தினோம். நாய் இயல்பாகவே கூட்டமாய் உறங்கும் உயிர். குட்டியாய் இருக்கையிலே உடன்பிறந்தவற்றின் வெப்பத்திலே ஒட்டிக்கிடந்து வளர்வது. செருமனியிலே பொன் நகருக்கு அருகே 1914ஆம் ஆண்டிலே அகழ்ந்தெடுக்கப்பட்ட, ஏறக்குறைய 14,000 ஆண்டு பழைய புதைகுழியிலே, ஓர் ஆணோடும் பெண்ணோடும் ஒரு நாயும் கிடத்தப்பட்டிருந்தது. அத்துணைப் பழைய உறவிலிருந்து அதனை ஒரே இரவிலே ஈரத்தரைக்கு அனுப்பினால் அது திரும்பி வரவே செய்யும். எனவே படுக்கை, அது விட்டுவரும் பாயினும் நல்லதாய் இருத்தல் வேண்டும்.

இஸ்தோப்பிலே சாரல் அடியாத மூலையைத் தெரிந்தோம். நாய் கதவைப் பார்த்தபடி படுக்கக்கூடிய மூலை அது. றப்பர் மரப் பலகைகளை நான்கு செங்கற்களின் மேலே பரப்பி, தரையின் ஈரம் ஏறாதவாறு உயர்த்தினோம். காற்று வரும் பக்கத்திலே ஒரு தகரம் மறைத்தோம். நீளம், மூக்கிலிருந்து வாலடி வரை அளந்து அதற்கு மேலும் அரையடி. படுக்குமுன் சுற்றிச்சுற்றி வந்து இடம்பார்ப்பது நாயின் இயல்பு. அதற்கு இடம் விடவேண்டும். பலகையின் மேலே இரட்டைச் சாக்கும் பழைய கம்பளித் துண்டும் விரித்தோம். அதன் மேலே மாணவன் உடுத்துக் கழித்த சட்டை ஒன்றைத் துவையாமலே இட்டோம். நாய்க்குக் கண்ணினும் மூக்கே பெரிது. வாரம் ஒருமுறை விரிப்பை வெந்நீரிலே துவைத்து வெயிலில் உலர்த்தினால் தெள்ளும் உண்ணியும் தங்கா. சட்டையை மட்டும் முதல் மாதம் துவைக்க வேண்டா.

இரண்டாவது, பெயர் இடுதல். அவ்வீட்டிலே நாயைப் போகச் சொல்ல ஐந்து சொற்கள் வழங்கின. தந்தை “சீ” என்பார். தாய் “போ அங்க” என்பார். அப்பாயி “படுடா மணி” என்பார். தங்கை கையைத் தட்டுவாள். மாணவன் ஒன்றும் சொல்லாமல் இழுத்து அணைத்துக்கொள்வான். ஒரு பொருளுக்கு ஐந்து சொல் இருப்பது மொழிக்கு வளம். கற்கத் தொடங்கும் உயிருக்கு அது குழப்பம். ஆகவே “பாய்” என்னும் ஒரே சொல்லைத் தெரிந்தோம். பெயர்ச்சொல்லாய் நிற்கையில் விரிப்பையும் வினைச்சொல்லாய் நிற்கையில் தாவுதலையும் குறிக்கும் அச்சொல்லை ஏவுவது தகுமோ எனத் தமிழாசிரியராகிய நமக்கு ஓர் ஐயம் எழவே செய்தது. நாய்க்கு இலக்கணம் தடையாகவில்லை. அப்பாயி உரக்கச் சொன்ன முதல் நாளிலே அது இரு பொருளையும் ஒருங்கே கொண்டு பாயின் மேலே பாய்ந்தது.

மூன்றாவது, பகலிலே பழக்குதல். இரவிலே தொடங்குவோர் பெரும்பாலும் தோற்பர். அயர்ந்த மனிதனும் அஞ்சிய நாயும் நல்ல வகுப்பாகா. உணவு வேளைக்குச் சற்று முன், நாய் பசித்திருக்கும்போது தொடங்குக. இதுவே ஆயத்த விதி. கருவாட்டுத் துணுக்கு ஒன்றைப் படுக்கையிலே இடுக. நாய் காலை வைத்ததும் சொல்லைச் சொல்லுக, மெல்லத் தடவிக்கொடுக்க. ஐந்து நிமிடம் போதும். நாளுக்கு மும்முறை செய்க. மூன்றாம் நாள், படுக்கையில் ஏறியதற்கன்றி, ஏறிப் படுத்ததற்கே துணுக்குக் கொடுக்க. அதன் பின், படுத்து இருந்ததற்கே கொடுக்க. இருக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாக நீட்டுக. மாணவனிடம் கடிகாரம் இல்லை. வாய்பாடு சொல்லி முடியும்வரை நாய் இருக்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். இரண்டாம் வாய்பாட்டிலே தொடங்கினான். வார இறுதியிலே ஏழாம் வாய்பாடு முடியும்வரை நாய் அசையாதிருந்தது. அதுவரை ஏழாம் வாய்பாடு அவனுக்கும் வந்ததில்லை.

நான்காவது, இரவுக்கு மாற்றுதல். படுக்கையை நேரே இஸ்தோப்பில் வைக்கவில்லை. பலகையோடு உள்ளே கொண்டுவந்து, மாணவனின் பாயருகே, கையெட்டும் தூரத்திலே வைத்தோம். வேறு படுக்கை, ஆனால் அதே துணை. பின்னர் இரண்டு இரவுக்கு ஒரு முழமாகக் கதவை நோக்கி நகர்த்துமாறு கூறினோம். மறுநாள் விடுமுறையாதலின் வெள்ளி இரவிலே தொடங்கினோம். படுக்குமுன் நாயை வெளியே நடத்திச் சென்று மலசலம் கழிப்பித்தல் வேண்டும். றப்பர்ப்பால் விடியற்குளிரிலேயே நன்கு வடியுமாதலின், பால்வெட்டுத் தொழிலாளர் வீடு இருள் பிரியுமுன்னே எழும். நாயின் இரவும் அதனோடு முடியும். இடையிலே நாய் எழுந்து பாய்க்கு வந்தால் திட்டுதல் இல்லை, அடித்தல் இல்லை, கொஞ்சுதலும் இல்லை. கழுத்துப் பட்டியைப் பிடித்து நடத்திச் சென்று, ஒருமுறை “பாய்” என்று சொல்லி மீண்டும் படுத்துக்கொள்க. பத்துமுறை வந்தாலும் பத்துமுறையும் அவ்வாறே செய்க.

ஒரு கொப்பியும் ஓர் இரக்கமும்

எத்தனை முறை எழுந்து வந்தது என்பதை ஒவ்வொரு காலையும் எழுதிவைக்குமாறு மாணவனிடம் ஒரு கொப்பி கொடுத்தோம். முதலிரவு 11 முறை. இரண்டாமிரவு 9. மூன்றாமிரவு 4. நான்காமிரவு 2. ஐந்தாமிரவிலே பெருமழை. நாய் முனகியது. அப்பாயிக்கு மனம் பொறுக்கவில்லை. எழுந்து தம் கம்பளியை விலக்கி உள்ளே சேர்த்துக்கொண்டார். ஆறாமிரவு 14 முறை என்று கொப்பி கூறுகின்றது.

இதனையும் அறிஞர் ஆராய்ந்துள்ளனர். எப்போதும் பலிக்கும் முயற்சியினும், எப்போதோ ஒருமுறை பலிக்கும் முயற்சியே எளிதில் அழியாது என்று ஸ்கின்னர் என்னும் அமெரிக்க உளவியலாளர் காட்டினார். நான்கு இரவு மறுத்து ஐந்தாமிரவு இடங்கொடுத்தால், விடாது கேட்டாற் கிடைக்கும் என்பதே நாய் கற்கும் பாடம். நாம் இதனை அப்பாயிக்கு விளக்கியபோது அவர் சிரித்தார். “எரக்கப்படக் கூடாதுன்னு சொல்றீங்களாய்யா?” என்று கேட்டார். அல்ல என்றோம். மழைக்கு இரங்கவேண்டும், அவ்விரக்கத்தை நாயின் படுக்கைக்கே கொண்டுசென்று செய்யவேண்டும் என்றோம். அடுத்த மழையிரவிலே அவர் எழுந்து, தம் பழைய படங்குத் துண்டு ஒன்றை எடுத்துச் சென்று, படுக்கையிலே கிடந்த நாயின் மேலே போர்த்திவிட்டு வந்தார். கொப்பியிலே அன்று 1 என்று இருந்தது. அதன் பின்னர் எண்கள் சிறுத்துச் சென்றன. படுக்கை வாயிற்படியைக் கடந்து இஸ்தோப்பை அடைய ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. அதன் பின் கதவைச் சாத்தினும் நாய் அழவில்லை.

மற்றுமோர் எச்சரிக்கை. நன்கு பழகிய நாய் திடீரெனப் படுக்கையை வெறுக்குமாயின் அதனைப் பிடிவாதமென எண்ணலாகாது. மூட்டு நோவு, காது நோய், புழு, தெள்ளு ஆகியன காரணமாகலாம். கிழ நாய்க்கு ஈரம் பகை. மிருக வைத்தியரிடம் காட்டுக. தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாது ஏற்றுவிக்க.

கொப்பியின் இறுதிப் பக்கம்

ஆனி மாதத்திலே ஒருநாள் மாலை, படுக்கையைப் பார்க்கச் சென்றோம். மழை தூறிக்கொண்டிருந்தது. நாய் தன் பலகையிலே சுருண்டு உறங்கிற்று. நம்மைக் கண்டு வாலை மட்டும் இருமுறை அசைத்தது. தந்தை மகிழ்ந்தார். நாமும் மகிழ்ந்தோம். மாணவன் நாயின் தலையைத் தடவியவாறே, “சேர், எனக்கும் இப்புடி ஒரு எடம் இருந்தா நல்லா இருக்கும்” என்றான்.

குறையாகச் சொல்லவில்லை. கண்டதைச் சொன்னான். கதவோரச் சாக்கிலே உறங்குபவன். அடுப்புக்கும் அரிசிப் பானைக்கும் இடையிலே, ஒவ்வொரு நாளும் வெவ்வேறு மூலையிலே கொப்பியை விரிப்பவன். அவன் வீட்டுப்பாடம் செய்யாது வந்த நாள்களிலே, ஏன் செய்யவில்லை என்று நூறுமுறை கேட்டிருக்கின்றோம். எங்கே இருந்து செய்கின்றாய் என்று ஒருமுறையேனும் கேட்டோமில்லை. விடுதி நாய்க்குட்டியிடம் செய்த பிழையையே வகுப்பிலும் செய்திருக்கின்றோம் என்பது அவ்விஸ்தோப்பிலே நிற்கையில் நமக்குப் புலனாயிற்று.

மீந்த பலகைகள் இரண்டு இருந்தன. யன்னலின் கீழே, சுவரோடு சேர்த்து, அவற்றைத் தந்தை அறைந்தார். இருக்க ஒரு பெட்டி. மாலை ஆறரை முதல் எட்டு வரை அப்பலகையிலே பானை சட்டி வைக்கலாகாது என்று அப்பாயி விதி செய்தார். அதனை மீறியவர் அவர் ஒருவரே, அதுவும் தேநீர்க் கோப்பையோடு. தொடக்கத்திலே பிள்ளை எழுந்தெழுந்து ஓடியபோதெல்லாம், அவர் யன்னலைக் காட்டி “பாய்!” என்பாராம். வீடே சிரிக்குமாம், நாயும் எழுந்து தன் படுக்கைக்குப் போகுமாம். இவையெல்லாம் அவன் அக்கொப்பியின் இறுதிப் பக்கத்திலே எழுதியவை. ஓராண்டிலே அவன் எழுதிய கட்டுரைகளுள் நாம் திருத்தவேண்டியது மிகக் குறைவாய் இருந்தது அதுவே. கொப்பி நம்மிடம் இருக்கின்றது.

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர் பலர் இன்று தந்தையராயும் ஆசிரியராயும் அதிகாரிகளாயும் விளங்குகின்றனர். நமக்கெல்லாம் இக்கல்லூரியிலே ஒரு வாங்கு இருந்தது. அதிலே நம் இடம் எதுவென்பது நமக்குத் தெரிந்திருந்தது. மழைக்கு ஒழுகாத கூரையும், நாள்தோறும் மாறாத ஓரிடமும் எத்துணைப் பெரிய கல்வி என்பதை அவ்வாங்கிலே இருந்த காலத்தில் நாம் அறியவில்லை. தோட்டத்து லயங்களிலே அவ்விடம் இன்னும் கிடையாத பிள்ளைகள் பலர் உளர். இரண்டு பலகையும் ஒரு மாலைப்பொழுதும் கொடுக்க இயன்றவர் நம்முள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பது இவ்விழாவுக்குப் பொருத்தமான செயலாகும்.

கல்லூரியன்னை நீடு வாழ்க.